சீலிங்குக்குப் பின்னால் இருந்த துரு: வீட்டை விற்றவர் எத்தனை வருடம் பொறுப்பு?

கேட்டவர் பெங்களூரு ஹொரமாவில் இருக்கிறார். 2021 செப்டம்பரில் 68 லட்சம் கொடுத்து ரீசேலில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் வாங்கினார். பில்டர் 2016-ல் சாவி கொடுத்த கட்டடம் அது. முந்தைய ஓனர் வேலூர்க்காரர், நம்ம ஊர் ஆள் என்ற நம்பிக்கையில் அதிகம் துருவவில்லை. 2025 அக்டோபர் மழைக்குப் பிறகு ஹால் சீலிங்கில் பழுப்புக் கறை. ஜிப்சம் பலகையைக் கழற்றினால், மேல்தளத்தின் பூச்சு உதிர்ந்து கம்பி துருவேறித் தெரிகிறது. "நான் இருந்தவரைக்கும் ஒண்ணும் இல்லீங்களே" என்கிறார் விற்றவர். "வாரண்ட்டி முடிஞ்சு போச்சு சார்" என்கிறது பில்டர் ஆபீஸ். கூடவே ஒரு துணைக் கேள்வி: அவருடைய மச்சான் கே.ஆர்.புரம் பக்கம் சொந்த சைட்டில் கான்ட்ராக்டர் வைத்துக் கட்டிய வீடு, 2021-ல் கிரகப்பிரவேசம் ஆனது, இப்போது சுவரில் சாய்வாக விரிசல். யார் பொறுப்பு, இனிமேல் கேஸ் போட முடியுமா?

நான் கட்டட இன்ஜினீயர். பழுதான வீடுகளைப் பார்த்து அறிக்கை கொடுப்பது என் பிழைப்பில் பாதி. அந்த அறிக்கைகள் கோர்ட்டுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகும், சில நேரம் அவற்றோடு நானும் போய்க் கூண்டில் நிற்பேன். சட்டம் எனக்கு அந்தப் பக்கத்திலிருந்து பழக்கம். நீங்கள் வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்கும் முன் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை என்னால் சொல்ல முடியும்.

சுருக்கமாக: உங்கள் விஷயத்தில் பில்டர் கிட்டத்தட்டக் கைநழுவிவிட்டார். விற்றவர் இன்னும் மாட்டுவார், ஆனால் பழுது அவருக்குத் தெரிந்திருந்தது என்று நீங்கள் காட்ட முடிந்தால்தான். மச்சானுடைய கான்ட்ராக்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். மூன்றிலும் பழுது எவ்வளவு பெரியது என்பதை நீதிபதி கடைசியில்தான் பார்ப்பார். யாருக்கு, எப்போது தெரிந்தது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கான விடை இப்போது உங்கள் சீலிங்கிலும் பழைய பில்களிலும் கிடக்கிறது. அதனால் பூச்சு வேலைக்கு ஆள் கூப்பிட்டிருந்தால் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். தளம் தொய்ந்திருந்தால் மட்டும் கீழே ஜாக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் யாரும் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்றவரைப் பிடிக்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மேல் வீட்டு பாத்ரூமின் தாழ்தளத்தில் குழாய் இணைப்பு போயிருந்தால், அது மேல் வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டிய ஒழுகல். அதற்கு நேராக அவர் மேலேயே கேட்கலாம், உங்களுக்கு விற்றவரைத் தேடி வேலூர் போக வேண்டியதில்லை. சோதனை எளிது: மேலே வடிகாலை அடைத்து, சாயம் கலந்த தண்ணீரை ஒன்றிரண்டு நாள் நிறுத்திப் பார்ப்பது. டெரஸிலும் இதையே செய்யலாம், பாத்தி கட்டி. டெரஸ் அல்லது வெளிச்சுவர் வழியாக வந்தால் அது பொதுப் பகுதி, அசோசியேஷன் பொறுப்பு. இந்தச் சோதனையைச் செய்யாமல் நோட்டீஸ் அனுப்பியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் பதிலே "மேல் வீட்டைக் கேளுங்கள்" என்பதாகத்தான் இருக்கும்.

ஆனால் கம்பி துருவேறியது வேறு கதை. ஒரு மழையில் அது நடக்காது. கம்பிக்கும் காற்றுக்கும் நடுவில் குறைந்தது இவ்வளவு கான்கிரீட் இருக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது: சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மில்லிமீட்டர். இந்த இடைவெளிக்காகக் கம்பிக்குக் கீழே வைக்கும் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்து கான்கிரீட் போட்ட தளங்களில் அது விரல் நகத்தின் கனத்துக்குக்கூட இருக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கி, கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்கிறது. அது கம்பியைத் தொட்ட பிறகு ஈரம் சேர்ந்தால் துரு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் பூச்சைப் பிளந்து தள்ளிவிடுகிறது. இதைப் பார்க்க பெரிய இயந்திரம் வேண்டாம். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், நல்ல பகுதி இளஞ்சிவப்பாகும், காரம் போன பகுதி நிறம் மாறாமல் நிற்கும். அந்த ஆழத்தை அளந்தால், பழுது நேற்று வந்ததா, பல வருடமாக ஊறியதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். கட்டும்போது ஊற்றிய தண்ணீரும் ஒரு காரணமாக இருக்கலாம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. போர்வெல் டேங்கரில் வருவதை யார் சோதிக்கிறார்கள்? 2022 பிப்ரவரியில் குருகிராமில் ஒரு அடுக்குமாடியின் தளங்கள் சரிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். பிறகு ஐஐடி டெல்லி ஆராய்ந்தபோது கான்கிரீட்டில் இருந்த குளோரைடும் அது தின்ற கம்பியும்தான் முக்கியமாகத் தெரியவந்தன. புதுக் கட்டடம் என்றுதான் அங்கேயும் குடியேறினார்கள்.

சரி, பில்டர் விஷயத்துக்கு வருவோம். ரேரா சட்டம், அதாவது 2016-ன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 14-வது பிரிவில் ஐந்து வருடப் பொறுப்பைச் சொல்கிறது. சாவி கையில் வந்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்புக் குறையையோ வேலைத்தரக் குறையையோ நீங்கள் பில்டரின் கவனத்துக்குக் கொண்டுபோனால், காசு வாங்காமல் 30 நாளில் சரிசெய்து தர வேண்டும். தராவிட்டால் நஷ்டஈடு. உங்கள் கட்டடத்தில் பில்டர் சாவி கொடுத்தது 2016-ல். ரேராவின் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தது 2017 மே 1-ல். அன்றைக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் இல்லாத திட்டம் என்று வாதாடி உள்ளே நுழையப் பார்த்தாலும், ஐந்து வருடம் 2021-லேயே முடிந்துவிட்டது. அந்தக் கதவில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். ஐந்து வருடம் ஓடத் தொடங்குவது சாவி கைக்கு வந்த நாளில். முதலீட்டுக்கு வாங்கிப் பூட்டியே வைத்திருந்தாலும் அது ஓடும். இடையில் கைமாற்றி வாங்கியவரையும் ஒதுக்கீடு பெற்றவராகவே, அதாவது பில்டரிடம் நேரடியாக வாங்கியவர் போலவே, சட்டம் சேர்த்துக்கொள்கிறது. 2020-ல் பில்டர் சாவி கொடுத்த ஃபிளாட்டை 2023-ல் ரீசேலில் வாங்கியிருந்தால், மிச்சமிருந்த காலம் உங்களுடையது. ஒப்பந்தத்தில் "ஓராண்டு மட்டும்" என்று பில்டர் எழுதி வைத்திருந்தாலும் சட்டத்தின் ஐந்து வருடத்தை அது குறைக்காது. அப்புறம், பெங்களூருவில் பாதித் திட்டங்கள் நில உரிமையாளரும் பில்டரும் சேர்ந்து செய்யும் கூட்டு ஒப்பந்தங்கள். நில உரிமையாளரின் பங்கிலிருந்து வாங்கியவரிடம் "நான் வெறும் நிலம் கொடுத்தவன்" என்று அவர் சொல்வார். கட்டுபவரும் விற்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் இருவருமே ஊக்குவிப்பாளர் (புரமோட்டர்)தான், கூட்டாகப் பொறுப்பு என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. இரண்டு பேரையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். கர்நாடக ரேரா அலுவலகம் மிஷன் ரோட்டில் இருக்கிறது, புகார் ஆன்லைனிலேயே போகும். சரிசெய்து தரச் சொல்லி உத்தரவு வேண்டுமா, நஷ்டஈடு வேண்டுமா என்பதைப் பொறுத்து அதிகாரி மாறுவார்: நஷ்டஈட்டைத் தீர்மானிப்பவர் தீர்ப்பு அதிகாரி. உத்தரவு கிடைத்தும் பில்டர் கட்டாவிட்டால் நிலவரி பாக்கி போல மாவட்ட நிர்வாகம் வசூலிக்க வேண்டும். அந்த இடத்தில் கோப்பு நன்றாகத் தூங்கும்.

500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், அல்லது எட்டுக்கு மேற்படாத வீடுகள் என்றால் ரேரா பதிவே தேவையில்லை. 40-க்கு 60 சைட் என்பது சுமார் 223 சதுர மீட்டர்தான். ராமமூர்த்தி நகரிலும் கக்கதாசபுரத்திலும் தெருத்தெருவாக எழுந்த நான்கு மாடிக் கட்டடங்கள் இந்த ஓட்டையில்தான் நிற்கின்றன. அவற்றை வாங்கியவர்களுக்கு நுகர்வோர் ஆணையமே நடைமுறை வழி.

இப்போது உங்களுக்கு விற்றவர். ரேரா இவரைத் தொடாது, தான் குடியிருந்த வீட்டை விற்ற தனிமனிதர் ஊக்குவிப்பாளர் கிடையாது. நுகர்வோர் சட்டமும் பொதுவாகத் தொடாது, அவர் உங்களுக்குச் சேவை எதுவும் தரவில்லை, வீட்டை விற்றார், அவ்வளவுதான். மிஞ்சுவது சிவில் கோர்ட். அங்கே உங்களுக்கு உதவுவது 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 55-வது பிரிவு, விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் அதை மோசடியாகக் கருதும் என்றும் அதே பிரிவின் முடிவில் இருக்கிறது. பழைய சட்டம்தான், ஆனால் உங்கள் கேஸுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

அதில் மூன்று முடிச்சு இருக்கிறது. முதலாவது, "சாதாரணக் கவனம்". வாங்கும்போதே சுவரில் ஓதம் தெரிந்து, உப்புப் பூத்து, பெயின்ட் உரிந்திருந்தால், நீங்கள் பார்த்தே வாங்கினீர்கள் என்று ஆகிவிடும். பலகை போட்டு மூடிய சீலிங்கைக் கழற்றிப் பார்த்து வாங்கு என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது. "பேங்க் இன்ஜினீயர் வந்து பார்த்துத்தானே லோன் கொடுத்தாங்க" என்று உங்களைப் போலவே பலரும் நினைக்கிறார்கள். அவர் பார்ப்பது வீட்டின் மதிப்பை, ஒரு அவசரப் பார்வை. உங்களுக்கு அது சாட்சியும் இல்லை, எதிரிக்கு அது கேடயமும் இல்லை.

இரண்டாவது முடிச்சு, பெங்களூருவில் பதிவாகும் கிட்டத்தட்ட எல்லாக் கிரயப் பத்திரத்திலும் ஒரு வரி வரும்: வாங்குபவர் சொத்தை நேரில் பார்த்துத் திருப்தி அடைந்தார். டைப் அடிப்பவர் பழைய பத்திரத்திலிருந்து எடுத்துப் போடுகிற வரி. 55-வது பிரிவே "வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாதபோது" என்றுதான் தொடங்குவதால், எதிர்த்தரப்பு இதைப் பிடித்துக்கொள்ளும். தெரிந்தே மறைத்தவருக்கு அந்த வரி உதவாது என்பது உங்கள் வாதம். அந்த வாதம் நிற்பது மறைத்ததை நிரூபிப்பதில்தான்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: சும்மா இருந்தாரா, மூடி மறைத்தாரா? 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டம் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. வெறும் மௌனமான மோசடி என்றால், நீ கொஞ்சம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்குமே என்று 19-வது பிரிவின் விதிவிலக்கைக் காட்டி எதிரி தப்பப் பார்க்கலாம். துணிந்து மூடி மறைத்திருந்தால் அந்தத் தப்பு வழி அவ்வளவு எளிதாகத் திறக்காது. ஆகவே உங்கள் வழக்கின் மையக் கேள்வி ஒன்றே ஒன்று: அந்த ஃபால்ஸ் சீலிங் எப்போது போடப்பட்டது, அன்றைக்கு மேலே இருந்த தளம் எந்த நிலையில் இருந்தது?

இதற்கு சீலிங்கே பதில் சொல்லும். சில மாதம் முன்பு பானஸ்வாடியில் ஒரு வீட்டில் பலகையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். தளத்தில் ஓரிடத்தில் மட்டும் கான்கிரீட்டின் சாம்பல் நிறம் மாறி, வழவழப்பான வெள்ளைப் பட்டி. சுரண்டினால் உள்ளே கோழிவலை, ஆணி அடித்து நிறுத்தியது. வலைக்குப் பின்னால் கம்பியில் ரெட் ஆக்சைடு பூசியிருக்கிறது. சீலிங் பலகையைத் தொங்கவிட்ட கம்பிகளின் பிடிப்பு அந்தப் பட்டிக்கு மேலேயே துளை போட்டு இறங்கியிருக்கிறது. இதற்குமேல் என்ன வேண்டும்? துருவை ஒருவர் பார்த்திருக்கிறார், அதற்கு மருந்து போட்டிருக்கிறார், அதன் பிறகுதான் சீலிங் வந்திருக்கிறது. இந்த வரிசைதான் சாட்சி. பூச்சுக்காரர் வந்து அரை நாள் கொத்தினால் அது குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும்.

உங்கள் வீட்டில் இப்படி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், தேதியுள்ள வீடியோவும். கழற்றிய பலகைகளை எறியாதீர்கள், பின்பக்கத்தில் தயாரிப்பு விவரம் அச்சிட்டிருந்தால் சீலிங்கின் வயதைச் சொல்ல அது உதவும். உதிர்ந்த கான்கிரீட்டை ஒரு பையில் கட்டி வையுங்கள்.

வீட்டுக்கு வெளியேயும் சாட்சி உண்டு. மனிதர்கள் தங்கள் பழுதை எங்கேயாவது புலம்பாமல் இருக்க மாட்டார்கள். அசோசியேஷனின் பழைய புகார்ப் புத்தகம், 2019, 2020-ன் வாட்ஸ்அப் குரூப், மெயின்டனன்ஸ் கூட்டத்தின் நிமிடக் குறிப்பு, சீலிங் வேலைக்குப் பொருள் ஏற்ற கேட்டில் எழுதிய செக்யூரிட்டி ரெஜிஸ்டர். அப்போது அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவர் யாராவது இருந்தால் அவரைத் தேடுங்கள், காலி செய்த காரணத்தைக் கேளுங்கள். கட்டடத்தின் வழக்கமான பிளம்பர், வாட்டர்ப்ரூஃபிங் செய்தவர். நடுவிலிருந்த புரோக்கரை மறக்காதீர்கள். அவர் விற்றவரோடு பரிமாறிய செய்திகளில் "சீலிங் போட்டாச்சு, இனி காட்டலாம்" என்பது போல ஒரு வரி கிடைத்தால் பாதிக் கேஸ் முடிந்தது. வாட்ஸ்அப்பைத் தாக்கல் செய்ய, 2023-ன் சாட்சியச் சட்டம் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்.

காலக்கெடு பற்றி. வருடம் நான்கு ஆகிவிட்டதே என்று பயப்படுகிறீர்கள். சாதாரண ஒப்பந்த மீறலுக்கு 1963-ன் காலவரம்புச் சட்டப்படி மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று வருடம், அது 2024-ல் முடிந்தது. ஆனால் அதே சட்டத்தின் 17-வது பிரிவு, மோசடியை அடிப்படையாகக் கொண்ட வழக்கில், மோசடி தெரியவந்த நாளிலிருந்து, அல்லது நியாயமான முயற்சி எடுத்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்துதான் காலம் ஓடும் என்கிறது. பலகை கழன்றது 2025 அக்டோபரில். அதை நிலைநாட்டினால் 2028 அக்டோபர் வரை உங்களுக்கு இடம் இருக்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை: 2023-லேயே ஒரு கறை தெரிந்து, அசோசியேஷன் குரூப்பில் நீங்களே படம் போட்டிருந்தால், எதிரி அந்தத் தேதியைப் பிடிப்பார். அதை வக்கீலிடம் மறைக்காதீர்கள். அடுத்தடுத்து நோட்டீஸ் அனுப்பினால் காலம் நீளும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. நீளாது.

என்ன கேட்பது? கிரயத்தையே ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று உங்கள் உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நாலு வருடம் குடியிருந்து, லோன் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் அது பெரும்பாலும் நடக்காத காரியம், வீணாக இழுக்கும். சீர்செய்யும் செலவு, அந்தக் காலத்தில் வெளியே தங்கும் வாடகை, மதிப்புக் குறைவு என்று நஷ்டஈடு கேளுங்கள். கர்நாடகத்தில் சிவில் வழக்கின் கோர்ட் கட்டணம் கேட்கும் தொகையைப் பொறுத்து ஏறும், அதனால் ஏழு லட்ச ரூபாய் வேலைக்கு கோபத்தில் முப்பது லட்சம் போடாதீர்கள். சீர்செலவுக்கு இரண்டு பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். சாட்சி பதிவான பிறகு வேலையைத் தள்ளிப்போட்டு நஷ்டத்தைப் பெருக்குவதும் உதவாது. தவிர்க்கக்கூடிய நஷ்டத்தை எதிரி தலையில் கட்ட முடியாது. கோர்ட் கமிஷனரைப் போட்டுப் பார்வையிட வைக்க வேண்டும் என்றால் அந்த மனுவை முதலிலேயே கொடுத்து, அவர் பார்த்த பின் சரிசெய்யுங்கள்.

போலீஸ் புகார் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2021-ல் நடந்ததற்கு பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420 பொருந்தும், 2024 ஜூலை 1 முதல் நடந்தவற்றுக்குத்தான் பாரதிய நியாய சன்ஹிதா. ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள். விற்றவரைப் பேச்சுவார்த்தைக்கு வரவழைக்கலாம் என்ற எண்ணத்தில் போனால் சில நேரம் பலிக்கும், எனக்கு அந்த வழியில் பிரியம் இல்லை. ஒழுங்கான இன்ஜினீயர் அறிக்கையோடு போகும் வக்கீல் நோட்டீஸ்தான் இந்த மாதிரி ஆட்களை அதிகம் அசைக்கிறது. படத்தில் தன் வீட்டுக் கோழிவலையைப் பார்த்ததும் குரல் மாறும்.

மச்சான் வீட்டுக்கு வருவோம். ஸ்கொயர் ஃபீட் 1,900 ரூபாய் வீதம், மெட்டீரியலோடு, மொத்தம் 42 லட்சம், முத்திரைத்தாளில் இரண்டு பக்க ஒப்பந்தம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த, தெரிந்த கான்ட்ராக்டர். சொந்த சைட்டில் தனக்கே கட்டியது, ஆகவே ரேரா இல்லை. வீடு கட்டித் தருவது சேவை என்பதை நுகர்வோர் சட்டமே சொல்கிறது, 1993-ல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

இவருக்கு உள்ள சிக்கல் இரண்டு வருடக் கெடு. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம், தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். உள்ளுக்குள் மறைந்திருந்த குறை என்றால், தெரியவந்த நாளிலிருந்து எண்ணச் சொல்லி வாதாடலாம். ஆனால் 2023-லேயே மெல்லிய விரிசல் வந்து, கான்ட்ராக்டர் வந்து பட்டி அடைத்துவிட்டு "செட்டில் ஆகுதுண்ணா, பயப்படாதீங்க" என்று போனாராமே. இது இரண்டு பக்கமும் வெட்டும். அப்போதே தெரிந்தது என்று எதிரி சொல்வார். பயப்பட வேண்டாம் என்று நம்ப வைத்தது அவர்தான் என்று நாம் சொல்லலாம். கெடு முடியும் முன் "நான் சரி பண்ணித் தர்றேன்" என்று அவர் எழுதியிருந்தால், பொறுப்பை ஒப்புக்கொண்டார், காலம் புதிதாக ஓடும் என்ற வாதமும் கிடைக்கிறது. சட்டம் கேட்பது கையெழுத்துள்ள எழுத்து, வாட்ஸ்அப்பை அப்படி ஏற்க வைப்பது வக்கீலின் திறமை. எப்படியானாலும் இனி ஒரு மாதம்கூடத் தள்ளக் கூடாது.

அதற்கு முன் விரிசலைப் பாருங்கள். பில்லரும் பிளாக் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஓடுவதும், பூச்சில் சிலந்திவலை போல் பரவுவதும் அநேகமாக ஆபத்தில்லாதவை, அதற்கு வக்கீல் செலவு தேவையில்லை. ஜன்னல் மூலையிலிருந்து படி படியாகச் சாய்ந்து இறங்குவது, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகுவது, கூடவே தரை டைல்ஸ் இறங்குவது, இவை அடித்தளம் சமமின்றி அமுங்குவதைக் காட்டும். விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டி தேதி எழுதி வையுங்கள், உடைந்தால் இன்னும் நகர்கிறது. பழைய ஏரி, குட்டைகளை நிரப்பிப் போட்ட லேஅவுட்கள் அந்தப் பக்கம் குறைவில்லை. மண் பரிசோதனை செய்தார்களா, அடித்தள ஆழத்தை யார் முடிவு செய்தார் என்பதில் கேஸ் தொங்கும். செலவு மிச்சம் என்று மச்சானே இன்ஜினீயர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், கான்ட்ராக்டர் அதை முதல் வரியில் எழுதுவார்.

ஸ்ட்ரக்சுரல் வரைபடம் இருந்தால் நிலைமையே வேறு. ஸ்கேன் செய்து பார்த்தால் கம்பியின் இடைவெளியும் உத்தேசக் கனமும் தெரியும், ஓரிடத்தில் கொத்தி உறுதி செய்யலாம். வரைபடத்தில் 10 மில்லிமீட்டர் கம்பி ஆறு அங்குல இடைவெளி என்று இருக்க, உள்ளே 8 மில்லிமீட்டர் எட்டு அங்குலத்தில் கிடந்தால், அது கான்கிரீட்டுக்குள் புதைத்த மோசடி. வீட்டுக்காரர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை, காலவரம்பு வாதமும் அங்கே பலமாகிறது. கான்கிரீட்டின் பலத்துக்கு வெறும் சுத்தியல் சோதனையோடு நிற்காதீர்கள், எதிர்த்தரப்பு இன்ஜினீயர் அதை மேலோட்டம் என்று தள்ளிவிடுவார். மூன்று கோர், அதாவது கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு, எடுக்க வேண்டும். ஐ.எஸ். 456 கணக்குப்படி சராசரி, குறித்த பலத்தில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், எந்த ஒன்றும் 75-க்குக் கீழே போகக் கூடாது. என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரமுள்ள ஆய்வகத்தில் செய்யுங்கள். கோர் எடுக்கும் தேதியைக் கான்ட்ராக்டருக்கு முன்கூட்டியே பதிவுத் தபாலில் எழுதி, வந்து பார்க்கச் சொல்லுங்கள். வராவிட்டால் அதுவும் உங்கள் பக்கம் சேரும்.

உங்கள் அசோசியேஷனுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஃபிளாட்டில் கவர் இல்லாமல் கம்பி இருந்தால், அதே கும்பல் கட்டிய மற்றத் தளங்களிலும் இருக்க வாய்ப்பு அதிகம். பொதுப் பகுதிப் பழுதுக்காக அசோசியேஷன் பெயரில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நினைத்தால், கர்நாடக அப்பார்ட்மெண்ட் சட்டப்படி அமைந்த சங்கம் தன்னார்வ நுகர்வோர் சங்கம் ஆகாது என்று 2020-ல் பெங்களூரு அடுக்ககம் ஒன்றின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓனர்கள் தனித்தனியாகவோ கூட்டாகவோ போக வேண்டும். ரேராவில் அந்தத் தடை இல்லை, ஆனால் உங்கள் கட்டடத்துக்கு ரேரா காலம் கடந்தது. ஆகவே சங்கம் இப்போது செய்ய வேண்டியது எல்லா வீட்டுச் சீலிங்கையும் ஒருமுறை பார்ப்பதுதான். அந்த அறிக்கையில் 2021-க்கு முந்தைய புகார்கள் ஏதாவது வெளிவந்தால், அதன் நகலை உங்கள் வக்கீலுக்கு அனுப்புங்கள்.